பிளாஸ்டிக் விலையில் தேக்கு நாற்காலி

பழவேற்காட்டில் மர நாற்காலி வயசாகிச் செத்ததாக நான் பார்த்ததில்லை. ஒன்று உப்பு தின்னும். இல்லாவிட்டால், ஆடுகிறதே என்று யாராவது ஆணி அடித்துக் கொல்வார்கள். இந்த இரண்டிலிருந்தும் காப்பாற்றிவிட்டால் நல்ல தேக்கு நாற்காலி பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் நிற்கும். பாலிஷ், பெயின்ட் எல்லாம் அதற்கப்புறம்தான். ஆனால் பழைய நாற்காலியைப் புதுசாக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் போவது பெயின்ட் கடைக்கு. கையில் இருக்கும் கொஞ்சக் காசும் அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

நான் படகு ஆசாரியின் மகன். எங்கள் நைனா ஏரியில் ஓடும் மரப்படகு செய்தவர். பழவேற்காடு ஏரி நாட்டிலேயே சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி என்று பேர். ஆழம் பார்த்தால் பல இடங்களில் இடுப்பளவுதான். அதற்கேற்ற அடி தட்டையான படகுகளை இழைத்துப் பூட்டுவது அவர் வேலை. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்து இறங்கிய படகுகளில் பெரும்பாலானவை ஃபைபர். மரப்படகு கேட்டு வருகிறவர்கள் குறைந்தார்கள். உளியும் இழைப்புளியும் பெட்டிக்குள் போயின. நான் பொன்னேரிப் பக்கம் கதவு, ஜன்னல் வேலைக்குப் போகிறேன். வேலை இல்லாத நாளில் நாற்காலி பார்ப்பேன். தூக்கிப்போட்ட நாற்காலி என்றால் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு.

இப்போது சொல்லப்போகும் நாற்காலி 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போன பிறகு கிடைத்தது. ஏதோ ஓர் அலுவலகத்தில் 'கண்டம்' என்று எழுதி ஒதுக்கிய சாமான்கள் பழைய இரும்புக்கடைக்கு வந்திருந்தன. மின்விசிறி இறக்கை, துருப்பிடித்த பீரோ, அவற்றுக்கு நடுவே கை வைத்த நாற்காலி ஒன்று, மூன்று காலில் சாய்ந்தபடி. வானநீல எனாமல் பெயின்ட் திட்டுத்திட்டாக உரிந்திருந்தது. பிரம்பு பின்னிய உட்காருமிடம் எப்போதோ கிழிந்துபோக, அதன்மேல் ஒரு பிளைவுட் பலகையை வைத்து ஆணி அறைந்திருந்தார்கள். முன்காலிலும் இரண்டு ஆணி. வெள்ளத்தில் நின்றதால் பின்கால்களின் நுனி கறுத்திருந்தது. கடைக்காரர் அதை விறகாகத்தான் நினைத்திருந்தார். 150 ரூபாய் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

அந்த இடத்திலேயே நான் பார்த்தது மூன்று விஷயம். முதலில் கனம். தேக்கு அளவுக்கு மீறிக் கனக்காது, தக்கையாகவும் இருக்காது. அடுத்தது வாசனை. அடிப்பக்கம் பெயின்ட் படாத இடத்தைப் பேனாக்கத்தியால் லேசாகச் சுரண்டினால் தேக்கில் எண்ணெய்ப்பசையோடு ஒரு தோல் வாசனை வரும். அதைக் கற்றுக்கொண்ட மூக்கு மறக்காது. மூன்றாவது கத்தி முனை. காலிலும் மூட்டிலும் அழுத்திப் பார்க்க வேண்டும். நுனி மட்டும் இறங்கி நின்றால் மரம் உயிரோடு இருக்கிறது. கத்தி தானாக உள்ளே போனால் கரையானோ உளுப்போ அரித்துவிட்டது, அதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள். எங்கள் கரையோரக் குப்பங்களில் பூவரச மரத்தில் செய்த நாற்காலிகளும் கிடைக்கும். கறுத்த வைரம், உப்புக்காற்றைத் தாங்கும். யாரும் அதை மதிப்பதில்லை என்பதால் மலிவு. தேக்குதான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள்.

இப்படி மர நாற்காலிகள் குப்பைக்கு வந்ததற்குக் காரணம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. பிரான்சில் ஆன்ரி மாசொன்னே என்பவர் 1972இல், ஒரே அச்சில் பிளாஸ்டிக்கை ஊற்றி நாற்காலி வார்க்கும் முறையை வணிகமாக்கினார். மூட்டு இல்லை, ஆணி இல்லை, ஆசாரியும் தேவையில்லை. உலகம் முழுக்க அதே வடிவம் பரவியது. கல்யாண மண்டபம், ஊர்க்கூட்டம், துக்க வீடு எல்லாவற்றுக்கும் இன்று அதுதான். அதை நான் குறை சொல்லமாட்டேன், ஒரு கையால் தூக்கி அடுக்க முடிகிற நாற்காலியை வேறு யார் கொடுத்தார்கள்? ஆனால் எங்கள் மணல்வெளி வெயிலில் சில வருஷம் கிடந்தால் பிளாஸ்டிக் வெளுத்து, நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். ஒரு நாள் கனத்த ஆள் உட்காரும்போது கால் முறியும். முறிந்த பிளாஸ்டிக் காலை ஒட்டினால் பெரும்பாலும் நிற்காது. மர நாற்காலியில் அநேகமாக எதையும் கழற்றி மாட்டலாம்.

கழற்றுவதற்கு முன்னால் குளிப்பாட்ட வேண்டும். இதைச் சொன்னால் ஆட்கள் விநோதமாகப் பார்க்கிறார்கள். சமையல் உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவது இதனால்தான். கடலோரத்தில் பல இரவுகளில் ஈரப்பதம் அதைத் தாண்டிவிடுகிறது. மரத்துக்குள் உப்பு இருந்தால் ராத்திரி ஈரத்தைக் குடிக்கும், பகல் வெயிலில் கக்கும். மரம் தினமும் ஊதி ஊதிச் சுருங்கும். மேலே எவ்வளவு விலை உயர்ந்த வார்னிஷ் அடித்தாலும் கீழே ஈரம் ஊறினால் உரிந்துதான் வரும். கடற்கரை வீட்டுக்காரர்கள் வார்னிஷ் கம்பெனியைத் திட்டுவார்கள். பாதி வழக்கில் குற்றவாளி உப்பு.

கழுவுவதற்கு எங்கள் தெருக் குழாய்த் தண்ணீர் உதவாது, வாயில் வைத்தாலே கரிக்கும். அதில் கழுவினால் இருக்கிற உப்போடு இன்னும் கொஞ்சம் சேரும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அது உத்தமம். இல்லாவிட்டால் குடிக்கிற கேன் தண்ணீர். குடம் குடமாக ஊற்ற வேண்டாம். பழைய பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து துடைக்க வேண்டும், துணியை அலசித் தண்ணீரை மாற்றி மறுபடி துடைக்க வேண்டும். நைனா பெயின்ட் இல்லாத அடிமரத்தில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். கரிப்பு போகிற வரைக்கும் துடைக்கச் சொல்வார். பெயின்ட் பட்ட இடத்தில் அந்தச் சோதனை கூடவே கூடாது, காரணம் பின்னால் சொல்கிறேன். துடைத்ததும் வெயிலில் வைக்காதீர்கள், வெடிப்பு விடும். காற்றாட நிழலில் ஒரு வாரம் போல நிற்கட்டும்.

அடுத்தது ஆணி. இதைப் பற்றிப் பேசினால் எனக்கு நிதானம் போய்விடும்.

இரும்பு ஆணி கடற்காற்றில் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், அதனால் ஆணியைச் சுற்றி மரம் பிளக்கும். துருவும் மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தும் ஈரத்தில் சேர்ந்து மசி போலக் கறுப்புக் கறையாக இறங்கும். அதோடு, ஆணி அறைந்த மூட்டை அடுத்து வருகிறவன் முழுசாகக் கழற்ற முடியாது. பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் நைனாவிடம், "ஒரே ஒரு ஆணி அடிச்சுக் குடுங்க, போதும்" என்று கேட்டு வந்தது நினைவிருக்கிறது. "ஆடுற மூட்டுல ஆணி அடிச்சா ஆட்டம் நிக்காதும்மா, எடம்தான் மாறும்" என்றார் அவர். அதுதான் உண்மை. ஆடாமல் இறுகிய மூட்டின் பக்கத்து மூட்டு அந்தப் பாரத்தையும் சேர்த்து வாங்கி அடுத்த வருஷம் ஆடும்.

இந்தக் கரையில் மரத்தை மரத்தோடு சேர்க்க ஆணி தேவைப்படாத காலம் ரொம்ப நீளம். கட்டுமரம் கயிற்றால் கட்டியது. சென்னைத் துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் கப்பலிலிருந்து ஆளையும் மூட்டையையும் அலை தாண்டிக் கொண்டுவந்த மசூலாப் படகின் பலகைகள் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்தவை. அலை மோதும்போது தையல் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், ஆணியடித்த படகு பிளந்துவிடும். நல்ல நாற்காலியும் இப்படித்தான். கழுந்து, அதாவது கட்டையின் நுனியில் செதுக்கிய முளை, துளைக்குள் உட்கார்ந்து பிசினோடு பிடித்திருக்கும், அதில் இம்மியளவு நெகிழ்வு இருக்கும்.

ஆணிகளைக் குறடால் பிடுங்கினேன். தலை போன ஆணிகளைச் சுற்றி மெல்லிய உளியால் கொஞ்சம் தோண்ட வேண்டியிருந்தது. கறுப்புக் கறைக்கு எலுமிச்சைச் சாறு தடவி ஊறவிட்டுத் துடைத்தேன், கொஞ்சம் வெளுத்தது. ஹார்டுவேர் கடையில் ஆக்சாலிக் பவுடர் கிடைக்கும், அது நன்றாகவே எடுக்கும். ஆனால் அது விஷம். கையுறை போடாமல் தொடக்கூடாது, சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வைக்கவும் கூடாது. பழைய நாற்காலியில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்துவிட்டுப் போகட்டும் என்பது என் கட்சி.

பழைய நாற்காலிகளை ஒட்டியது பெரும்பாலும் வச்சிரம், அதாவது மாட்டுத்தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்த பிசின். அதில் ஒரு தாராளம் உண்டு. வெந்நீரில் நனைத்த துணியை மூட்டைச் சுற்றிக் கட்டி வைத்தால் இளகிவிடும். பிறகு மரச்சுத்தியல் என்கிற கொட்டாப்புளியால், இடையில் ஒரு கட்டைத்துண்டு கொடுத்துத் தட்டினால் கழுந்து வெளியே வரும். கழற்றும் முன்பே ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு பக்கமும் பென்சிலால் ஒரே எண்ணை எழுதிவிடுங்கள். பார்க்க நான்கு காலும் ஒன்று போலத்தான் இருக்கும், மாற்றிப் போட்டால் ஒன்றும் சேராது. நன்றாகப் பிடித்திருக்கும் மூட்டைத் தொட வேண்டாம். எல்லாவற்றையும் கழற்றினால்தான் வேலை சுத்தம் என்று நினைப்பது புது ஆசாரிகளின் ஆசை.

கழற்றியதும் பழைய பிசினை ஒட்டு மொத்தமாகச் சுரண்டி எடுக்க வேண்டும். பெவிகால் வெறும் மரத்தைத்தான் பிடிக்கும், பழைய பிசின்மேல் தடவினால் வீண். கழுந்து தேய்ந்து துளையில் தொளதொளவென்று இருந்தால் இழைப்புளியில் வரும் மெல்லிய தேக்குச் சீவலைக் கழுந்தில் ஒட்டிச் சுற்றி, காய்ந்ததும் தேய்த்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கையால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும், தானாக வெளியே வரக்கூடாது. அதுதான் அளவு. கடற்கரைக்குச் சாதாரணப் பெவிகால் வேண்டாம், ஈரம் தாங்கும் மரைன் வகையை வாங்குங்கள். கொஞ்சம் கூட விலைதான், ஆனால் காசு செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். எங்கள் ஊரில் ஃபைபர் படகுக்கு ஊற்றி மிச்சமான ரெசினை நாற்காலி மூட்டில் ஊற்றும் வழக்கம் வந்திருக்கிறது. அந்த ரெசின் மரத்தை, அதிலும் ஈர மரத்தை, சரியாகப் பிடிக்காது. கல்லாக இறுகும், மரம் அசையும்போது விட்டுவிடும்.

ஒட்டிய மூட்டை இறுக்கிப் பிடிக்க இடுக்கி, கிளாம்ப் எதுவும் வாங்கத் தேவையில்லை. வலைக்கயிற்றை நான்கு காலையும் சுற்றி இரண்டு சுற்றாகக் கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் எவ்வளவு இறுக்கம் வேண்டுமானாலும் கிடைக்கும். கயிறு பதியும் இடத்தில் துணி வைத்துக்கொள்ளுங்கள். முறுக்கியவுடன் சமதரையில் நிறுத்தி, எதிரெதிர் மூலைகளுக்கு நூல் பிடித்து அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் நாற்காலி கோணவில்லை. இல்லாவிட்டால் பிசின் காயும் முன் கையால் தள்ளிச் சரிசெய்யலாம், காய்ந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. ஒரு முழு நாள் அப்படியே இருக்கட்டும். பின்கால்களின் அழுகிய நுனியை அரை அங்குலம் அறுத்துவிட்டு, மற்ற இரண்டையும் அதே அளவுக்கு அறுத்தேன். நாற்காலி அரை அங்குலம் குள்ளமானதை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இங்கே கொஞ்சம் ஊர்க்கதை. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரை வியாபாரத்தை இங்கிருந்துதான் நடத்தினார்கள். கோட்டை இன்று மண்மேடு. மண்டையோடு செதுக்கிய கல்லறைகளைப் பார்க்கத்தான் ஆட்கள் வருகிறார்கள். அதே பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரைத் தச்சர்கள் கருங்காலி மரத்தில் பூவும் கொடியும் இழைத்து ஐரோப்பியர்களுக்கு நாற்காலி செய்தார்கள். அவை கப்பலேறிப் போய், கை மாறி, எங்கிருந்து வந்தன என்பதே மறந்துபோனது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர் இவற்றை இங்கிலாந்தின் டியூடர் மன்னர் காலத்துப் பழம்பொருள் என்று நம்பி, தன் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகைக்கு வாங்கிச் சேர்த்தார். அவரைப் பார்த்து மற்ற பிரபுக்களும் வாங்கினார்கள். நம் கரைத் தச்சன் செய்ததை அவர்கள் தங்கள் பாட்டன் சொத்தாக நினைத்துத் துடைத்து வைத்திருந்தார்கள். பிரம்பு பின்னிய இருக்கையும் பதினேழாம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிகளின் வியாபாரத்தோடுதான் ஐரோப்பாவுக்குப் போனது. எங்கள் ஏரிக்கரையில் செய்த நாற்காலி அந்தக் கப்பல்களில் போனதா என்பதற்கு என்னிடம் சீட்டு எதுவும் இல்லை. இரும்புக்கடையில் நாற்காலி பார்க்கும்போது எனக்கு வால்போல் ஞாபகம் வரும், அவ்வளவுதான்.

பெயின்டுக்கு வருவோம். பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் தூசி பறக்கும், அது குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் விஷம். ஈர உப்புத்தாளால் தேய்த்து, வழித்த சேற்றைத் தாளில் மடித்துக் கட்டிப் போட வேண்டும். வாயும் மூக்கும் மூடியிருக்கட்டும், பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். அடுப்பு மாதிரி நெருப்பு காட்டி உரிக்கும் வேலை கூடவே கூடாது. நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள் என்று சொன்னதும் இதனால்தான். தடித்த பெயின்டை உடைந்த கண்ணாடிச் சில்லால் வழிப்பது ஆசாரிகள் வழக்கம். நானும் அப்படித்தான் வழித்தேன். கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

பெயின்ட் இல்லாமல் பாலிஷ் மட்டும் இருக்கும் நாற்காலி என்றால் அவசரப்பட்டு உரிக்காதீர்கள். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மறைவான இடத்தில் தடவுங்கள். ஒட்டுகிற பதத்துக்கு இளகினால் அது அரக்கு பாலிஷ். ஸ்பிரிட் துணியாலேயே நீவினால் பழைய பாலிஷ் கரைந்து ஓடிப் படிந்து மறுபடி உயிர் பெறும். பாதிச் செலவு மிச்சம். நீல எனாமலுக்கு அடியில் எனக்கும் அரக்குதான் கிடைத்தது. முதலில் செய்தவன் நல்ல ஆசாரி.

உப்புத்தாள் 80, 120, 220 என்று மூன்று நம்பர் போதும். மர ரேகையோடு மட்டுமே தேய்க்க வேண்டும், குறுக்கே போனால் கீறல் பாலிஷில் பளிச்சென்று தெரியும். அதன்பிறகு, வெறும் மரமாக இருக்கும்போதே பூச்சிக்கு மருந்து. எல்லாரும் மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்வார்கள். பட்ட பூச்சி சாகும், எண்ணெய் ஆவியாகிப் போகும், அடுத்த பூச்சிக்குக் கதவு திறந்தே இருக்கும். நாட்டுமருந்துக் கடையில் வெங்காரம் மூன்று பங்கு, கேரம் போர்டில் தூவுகிறோமே அந்த போரிக் பவுடர் இரண்டு பங்கு, சூடான தண்ணீரில் கரைத்து இரண்டு தடவை தூரிகையால் பூசினேன். மரத்துக்குள் ஊறி நிற்கும், கரையானும் உளுப்பும் சீந்தாது. தண்ணீர் பட்டால் கரைந்து வெளியேறும் என்பதால் மேலே பாலிஷ் கட்டாயம். குழந்தை கைக்கெட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள், வாய்க்குள் போகக்கூடாத பொருள்.

பாலிஷுக்கு நான் வாங்கியது அரக்குச் சருகு. பலாசு, குசும், இலந்தை மரக்கிளைகளில் ஒரு சின்னப் பூச்சி விட்டுவைக்கும் பிசின் அது. ஜார்கண்டிலும் சத்தீஸ்கரிலும் காட்டுவாசிகள் சேகரிக்கிறார்கள். ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் 1924இல் அதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். நம் தாத்தா காலத்துக் கிராமபோன் தட்டு இந்த அரக்கில் செய்ததுதான். 100 கிராம் சருகை அரை லிட்டர் ஸ்பிரிட்டில் ஓரிரவு ஊறப்போட்டு, துணியில் வடிகட்ட வேண்டும். ஸ்பிரிட் கேட்டால் கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார். 2023இல் மரக்காணத்திலும் 2024இல் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் குடித்து அத்தனை பேர் செத்த பிறகு அவர் பார்ப்பது நியாயமே. ஆசாரி என்று சொல்லி, கையிலுள்ள காய்ப்பைக் காட்டி வாங்கினேன். காற்றோட்டமான இடத்தில், அடுப்பு, பீடி எதுவும் இல்லாமல் வேலை செய்யுங்கள்.

பழைய வேட்டித் துணிக்குள் பஞ்சை வைத்துச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, அரக்கில் தோய்த்து மெலிசாக இழுக்க வேண்டும். ஒரே இடத்தில் போய்வந்து தேய்க்கக் கூடாது. சீக்கிரம் காயும், மறுபடி இழுக்கலாம். ஐந்தாறு மெல்லிய பூச்சு ஆனதும் 220 உப்புத்தாளால் தொட்டும் தொடாமலும் நீவிவிட்டு இன்னும் இரண்டு பூச்சு. முக்கியமானது நாள் பார்ப்பது. ஈரக்காற்றில் அரக்கு இழுத்தால் வெள்ளை பூத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் பாலிஷ் வேலையை எடுக்கவே மாட்டோம். மாசி, பங்குனியில் வெயில் ஏறிய பிறகு தொடங்கி, சாயங்காலக் கடற்காற்று எழும் முன் முடித்துவிட வேண்டும். நாற்காலி திண்ணையில் மழைச்சாரல் படும் இடத்தில் நிற்கப்போகிறது என்றால் அரக்கே வேண்டாம், தண்ணீர்க் கறை விழும். அதற்கு ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயப்போட்டபின்தான் தூக்கி எறிய வேண்டும்.

உட்காருமிடம் பாக்கி. சட்டத்தைச் சுற்றி ஓட்டைகள் இருந்தன, பிரம்பு பின்னியே தீர வேண்டும் என்று எனக்கு ஆசை. எண்கோணக் கண் விழும் ஆறு வழிப் பின்னலுக்குப் பிரம்புக் கூலியே நாற்காலி விலையைத் தாண்டும். பார்வையற்றோர் பள்ளிகளில் அதைத் தொழிலாகவே கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், தடவிப் பார்த்தே இழை பிசகாமல் பின்னுவார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் தயவுசெய்து அவரிடமே கொடுங்கள். எனக்குக் கட்டுப்படியாகவில்லை. அண்ணிதான் வழி சொன்னார். ஒயர்க்கூடையும் பின்னுவார், அண்ணனோடு உட்கார்ந்து வலையும் முடிவார்.

"பெரம்பு இல்லன்னா இன்னா, வலக்கயிறு இல்லையா?"

"நைலான் ஈரத்துல தொங்கிப்போகும் அண்ணி."

"தொங்கறதுக்கு முன்னாடியே இழுத்துப் பின்னு. கயித்த ராத்திரியே தண்ணியில ஊறப்போடு. நனைஞ்ச கயிறு இழுக்கறவரைக்கும் இழுக்கும். அப்புறம் எங்க தொங்குது பாக்கலாம்."

நைலான் நனைந்தால் நீளும் என்பதை மீன்பிடிப்பவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஊறவைத்த கயிற்றை முன்னும் பின்னும் இறுக்கி ஓட்டி, குறுக்கே ஒன்று விட்டு ஒன்று கோத்து, கயிற்றுக் கட்டில் பின்னல் போட்டார். ஓட்டைகளின் விளிம்பை உப்புத்தாளால் மழுக்கிக் கொடுத்தது மட்டும் என் வேலை, கூர்மையாக இருந்தால் கயிற்றை அறுத்துவிடும். காய்ந்ததும் தட்டினால் தவில் மாதிரி சத்தம் கேட்டது. வெள்ளைக்கயிறும் தேன்நிறத் தேக்கும் சேர்ந்து, பிரம்பைவிட நன்றாக இருக்கிறது என்றே சொல்வேன். பழம்பொருள் வியாபாரிகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவர்களுக்கு விற்க நான் செய்யவில்லை.

கணக்கு இது. நாற்காலி 150, வெங்காரமும் போரிக்கும் 60, உப்புத்தாள் 90, பெவிகால் 110, அரக்கு 160, ஸ்பிரிட் 100, அரைக்கிலோ கயிறு 150. ஆக 820 ரூபாய். கடைக்குக் கடை கொஞ்சம் முன்பின் இருக்கும். கை வைத்த நல்ல பிளாஸ்டிக் நாற்காலியும் கிட்டத்தட்ட அந்த விலைதான். என் கூலியை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் கணக்கு உதைக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. கூலிக்கு ஆள் வைத்துச் செய்கிறவருக்கு இது மலிவான வழி இல்லை. ஞாயிற்றுக்கிழமை கையில் இருக்கிறவருக்கு மலிவு.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பின்கட்டிலோ, கோயில், சர்ச், பள்ளிவாசலின் சாமான் அறையிலோ இப்படி நாலைந்து நாற்காலிகள் கவிழ்ந்து கிடக்கும். கிலோ கணக்கில் விறகுக்குப் போகும் முன்பு பொறுப்பில் இருப்பவரிடம் கேட்டு, ஒன்றை முறைப்படி வாங்கி வாருங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் கழுவி, ஆணி பிடுங்கி, மூட்டு ஒட்டி வைத்துவிடுங்கள். பாலிஷ் மாசியில் போட்டுக்கொள்ளலாம்.